குளியலறையில் கழுவலாம் கருப்பு வெள்ளைப் படம்

(அஞ்செட்டியில் ஒளிப்பட ஆர்வலர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தேன்கனிக்கோட்டையிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, சரியாகத் தூங்காமல் வந்திருக்கும் தம்பிகளும் இருக்கிறார்கள். திரும்பிப் போகிற வழி யானை குறுக்கிடுகிற வழி. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் நிச்சயம் முடித்துவிடுவேன்.

ஒரு விஷயத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டில் கழுவ இருட்டறை வேண்டியதில்லை. சினிமாவில் காட்டுகிறார்களே, சிவப்பு விளக்கு, தட்டில் மிதக்கும் காகிதம், அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிற கதாநாயகியின் முகம், அது ஃபிலிம் கழுவுகிற வேலை அல்ல. கழுவிய ஃபிலிமிலிருந்து காகிதத்தில் அச்சிடுகிற வேலை. அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது. இன்று நாம் வாங்குகிற ஃபிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். சிவப்பு விளக்கில் பிரித்தால் சுருள் முழுதும் கரியாகிவிடும். ஃபிலிமுக்கு வேண்டியது முழு இருட்டு. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மட்டும். சுருளை ரீலில் ஏற்றி, வெளிச்சம் புகாத டாங்கியில் போட்டு மூடுகிற வரைக்கும்தான். மூடியபின் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பட்டப்பகலில் மற்ற வேலையெல்லாம் செய்யலாம்.

இருட்டு பிரச்சினை இல்லை என்றால் எதுதான் பிரச்சினை? நம் ஊரில் இரண்டு: சூடு, தண்ணீர். இன்றைய பேச்சில் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றித்தான். கேமராவைப் பற்றியோ லென்ஸைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. அவற்றைப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இந்த இரண்டோடும் நமக்கு முன்னாலேயே இந்த வட்டாரத்தில் ஒருவர் மல்லுக்கட்டியிருக்கிறார். 1857 டிசம்பரில், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார். இராயக்கோட்டையைப் படம் எடுத்தார். பிறகு திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று போனார். இராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் அடங்கிய படத் தொகுப்பு 1858-இல் வெளிவந்தது. அன்றைக்கு நாமெல்லாம் சேலம் ஜில்லாதான். தருமபுரி பிரிந்ததும், அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்ததும் பிற்பாடு நடந்தவை.

ட்ரைப் காலத்தில் ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் ஈரப் பூச்சுப் பூசிப் படம் எடுக்கிற முறை அப்போது பரவிக்கொண்டிருந்தது. கூர்மையான படம் வரும், ஆனால் பூச்சு காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவியாக வேண்டும். நம் வெயிலில் பூச்சு எத்தனை நேரம் ஈரமாக இருக்கும்? அதனால் அவர் மெழுகு ஏற்றிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்தார். ஓரடிக்கு மேல் நீளமான தாள். முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம், எடுத்தபின் கூடாரத்துக்குத் திரும்பி நிதானமாகக் கழுவலாம். கூர்மை சற்றுக் குறைந்தாலும் ஊருக்கு ஒத்துவருகிற முறை எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு உதவியாக இருந்தவர்களில் அய்யாசாமி என்ற நம்மவரும் ஒருவர். ட்ரைப்பின் பெயரை உலகமே சொல்கிறது, அய்யாசாமியின் பெயரை யாரும் சொல்வதில்லை. அதற்காகவே இங்கே சொல்லி வைக்கிறேன்.

ட்ரைப் செய்த தேர்வு எனக்குப் பிடித்தமானது. இன்று புதிதாகத் தொடங்குகிறவர்கள் லண்டன்காரரும் நியூயார்க்காரரும் சொல்கிற முறையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஊர்க் குழாயில் வருகிற தண்ணீர் வேறு, நம் மாடித் தொட்டியில் காய்கிற தண்ணீர் வேறு.

இன்னொரு பழைய கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்கு ஃபிலிம் செய்து கொடுத்த ஊர் ஊட்டி. இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967-இலிருந்து உற்பத்தி செய்தது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த ஃபிலிமையும் காகிதத்தையும் இங்கே இருக்கிற பழைய ஸ்டூடியோக்காரர்கள் கையால் தொட்டிருப்பார்கள். எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கேதான் ஆயிற்று. தொண்ணூறுகளில் அது நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு மூடப்பட்டது. இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு ரோலும் கடல் தாண்டி வருகிறது. ஒரு ரோலின் விலை பலருக்கு ஒரு நாள் கூலியைத் தாண்டும். அதற்கு மேல் பெங்களூருக்கோ சென்னைக்கோ கழுவ அனுப்பினால் கழுவுகிற கூலி, கூரியர் செலவு, காத்திருப்பு எல்லாம் தனி. கருப்பு வெள்ளையை வீட்டில் கழுவச் சொல்வதற்கு என் முதல் காரணம் பணம்தான். கலைக்காரணங்களை உங்களுக்கு ஒரு ரோல் கழுவியபின் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

சாமான்கள். மூடி வழியே தண்ணீர் ஊற்றலாம், ஆனால் வெளிச்சம் புகாது என்கிற அமைப்புள்ள டாங்கி ஒன்று, அதற்குள் போகும் ரீல், கைகளை நுழைத்து வேலை செய்கிற கருப்புத் துணிப்பை, ஒரு தெர்மாமீட்டர், மில்லிலிட்டர் கோடு போட்ட குவளைகள், மூடி இறுகும் பாட்டில்கள். டாங்கி, ரீல், தெர்மாமீட்டர் மூன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மற்றவை சந்தையிலேயே கிடைக்கும். பையும் வாங்க முடியாவிட்டால் அமாவாசை இரவில் ஜன்னல் இல்லாத அறையில், கதவிடுக்கில் கம்பளி அடைத்து வேலை செய்யலாம். உள்ளே போய் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகியபின் உங்கள் கையே உங்களுக்குத் தெரிந்தால் அந்த அறை ஆகாது. கரண்ட் போகிற ஊர் என்று நொந்துகொள்கிறோமே, இந்த ஒரு வேலைக்கு அது அனுகூலம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்து தொட்ட குவளையோ கரண்டியோ மறுபடி அடுக்களைக்குள் போகக்கூடாது. பழைய குளிர்பான பாட்டிலில் மருந்து ஊற்றி வைக்காதீர்கள்; வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். மெட்டால் என்கிற மருந்து சிலருக்குக் கையில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும், அதனால் கையுறை அணியுங்கள்.

ரீலில் ஏற்றுவதுதான் எல்லோரையும் மிரட்டுகிற இடம். கெட்டுப்போன ஒரு ரோலைப் பழைய ஸ்டூடியோவில் கேட்டு வாங்குங்கள். முதலில் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு ஏற்றுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு பைக்குள். விரல் தானாகச் செய்கிற வரை நல்ல ரோலைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தால் ஃபிலிம் நடுவழியில் ஒட்டிக்கொண்டு நகராது. பைக்குள் கை வேர்த்தாலும் இதே கதிதான். அப்படி நின்றுவிட்டால் பிடித்து இழுக்காமல், எல்லாவற்றையும் டாங்கிக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துக் காற்றாடவிட்டுப் பிறகு தொடருங்கள். இங்கே மழைக்காலத்தில் பகலைவிட விடியற்காலையில் ஏற்றுவது சுலபம்.

இனி மருந்து. ஃபிலிமின் மேல் இருப்பது ஜெலட்டினில் பதிந்த வெள்ளி உப்புத் துகள்கள். வெளிச்சம் பட்ட துகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கும். டெவலப்பர் அந்தத் துகள்களை மட்டும் தேடிப் பிடித்து உலோக வெள்ளியாக மாற்றுகிறது. வெள்ளி என்றால் பளபளப்பாக அல்ல, கருப்பாக. வெளிச்சம் அதிகம் பட்ட இடம் அதிகம் கருக்கும். அதனால்தான் நெகட்டிவில் வானம் கருப்பு, தலைமுடி வெளுப்பு. அதிக நேரம் விட்டால் வெளிச்சம் படாத துகள்களையும் மருந்து தின்ன ஆரம்பிக்கும். ஆகவே நேரம், சூடு, கலக்கல் மூன்றும் கட்டுக்குள் இருக்க வேண்டும். சிப்காட் தம்பிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆலையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரமும் சூடும் குறித்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நீங்கள். அதே ஒழுங்கை ஒரு நோட்டில் வைத்தால் போதும். மணி பார்க்க ஓசூரிலேயே செய்கிற டைட்டன் கைக்கடிகாரம் இருக்கிறது.

எந்த டெவலப்பர் என்று கேட்பீர்கள். டி-76 என்பேன். கோடாக் நிறுவனம் 1920-களில் உருவாக்கிய சூத்திரம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். நூறு வருடத்தை நெருங்கியும் இதைத் தள்ளிவைக்கக் காரணம் கிடைக்கவில்லை. இல்ஃபோர்டின் ஐடி-11 என்பதும் ஏறக்குறைய இதே சரக்கு. பொட்டலமாக வாங்கிக் கரைக்கலாம். நல்ல தராசு இருந்தால் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கலாம். தனியாகச் சேர்க்கிறவர்கள் 50 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் முதலில் சல்பைட் ஒரு சிட்டிகை, பிறகு மெட்டால் முழுதும், அது கரைந்தபின் மீதி சல்பைட் என்ற வரிசையில் போடுங்கள். சல்பைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் கரைய மறுக்கும். காற்றுப் புகாமல் வாய்வரை நிரப்பிய பாட்டிலில் ஆறு மாதம் தாங்கும்.

மாதத்துக்கு ஒரு ரோல் கழுவுகிறவருக்கு ரோடினால் பொருத்தம். 1891-இல் ஜெர்மனியில் வந்த மருந்து. அடர்த்தியாக வரும், ஒரு பங்குக்கு ஐம்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடலாம், திறந்த பாட்டிலும் பல வருடம் கெடாது. படத்தில் மணல் மாதிரி துகள் தெரியும். அது பிடிக்கிறவர்களும் உண்டு, எனக்கு அளவோடு பிடிக்கும்.

இப்போது சூட்டுக்கு வருவோம். உலகத்தில் எந்த அட்டவணையை எடுத்தாலும் 20 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமை 400 வேகத்தில் எடுத்து, டி-76-ஐ நீர்க்காமல் பயன்படுத்தினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். மார்கழியில் விடியற்காலைத் தண்ணீர் ஒருவேளை அந்தச் சூட்டுக்கு வரும். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். சூடு ஏறினால் நேரம் குறையும். 24 டிகிரியில் அதே வேலை ஐந்தேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 30 டிகிரியில் கழுவினால் நேரம் இன்னும் சுருங்கி, மருந்தை ஊற்றவும் வடிக்கவும் ஆகிற பத்து இருபது வினாடியே பெரிய பிழையாகிவிடும். படத்தில் திட்டுத் திட்டாக, கோடு கோடாக வரும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள்.

என் வழி இது. 20-ஐத் துரத்துவதை விட்டுவிடுங்கள். 24 டிகிரியை உங்கள் வீட்டு டிகிரியாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்தையும் தண்ணீரையும் சம பங்காகக் கலந்து நீர்த்துப் பயன்படுத்துங்கள். அப்படிச் செய்தால் ஹெச்பி5-க்கு 20 டிகிரியில் 11 நிமிடம் ஆவது, 24 டிகிரியில் ஏழரை நிமிடம் அளவுக்கு வரும். நிதானமாக வேலை செய்ய அது போதுமான நேரம். 24-க்குக் கொண்டுவர ஏசி வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பேசினில் மண்பானைத் தண்ணீரை ஊற்றி, அதில் மருந்து பாட்டில்களையும் டாங்கியையும் நிறுத்துங்கள். வறண்ட கோடையில் பானைத் தண்ணீர் நன்றாகவே குளிர்ந்திருக்கும். போதாவிட்டால் ஐஸ் கட்டியை உறையில் கட்டி அந்தப் பேசினில் போடுங்கள், மருந்துக்குள் போடாதீர்கள். டெவலப்பர், படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போ, கழுவுகிற தண்ணீர் எல்லாம் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கட்டும். குளிர்ந்த மருந்திலிருந்து திடீரென்று வெயில் காய்ந்த குழாய்த் தண்ணீருக்குப் போனால் ஜெலட்டின் நெகிழ்ந்து, துகள் முரடாகும்.

அடுத்தது தண்ணீர். நம் பகுதி போர் தண்ணீரின் குணம் நம் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளையே சொல்லும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபிலிமுக்கு எதிரி ஃப்ளூரைடு அல்ல, சுண்ணாம்பு உப்பு. மருந்தைக் கலக்கும்போது கலங்கலாகப் படியும். காயும்போது நெகட்டிவில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். வானத்தில் விழுந்த அந்தப் புள்ளியைப் பிறகு எடுப்பது பெரும்பாடு. எனவே இரண்டு இடத்தில் மட்டும் நல்ல தண்ணீர் பயன்படுத்துங்கள்: டெவலப்பர் கரைக்கவும், கடைசி அலசலுக்கும். பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். அதே அலமாரியில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். நடுவில் கழுவுவதற்குப் போர் தண்ணீரை வடிகட்டிப் பயன்படுத்தினால் போதும்; நம் செம்மண் தூசி அதில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஊற்றுகிற முறை எளிது. டெவலப்பரை ஊற்றியவுடன் முதல் அரை நிமிடம் டாங்கியை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு தரையில் இரண்டு தட்டு, ஒட்டியிருக்கிற காற்றுக்குமிழ் போக. அதன்பின் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு கவிழ்ப்பு. வேகமாக ஆட்டினால் படம் பளிச்சென்று வரும் என்று நினைக்காதீர்கள், ஃபிலிமின் துளை ஓரங்களில் கோடுதான் வரும். நேரம் முடிந்ததும் வடித்துவிட்டுத் தண்ணீரால் அலசுங்கள். இந்த இடத்தில் அசெட்டிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அடுக்களை வினிகரில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தாலும் ஆகும், வெறும் தண்ணீராலும் ஆகும்.

காப்பியில் ஃபிலிம் கழுவலாம் என்று கேள்விப்பட்டேனே, உண்மையா என்று எங்கே போனாலும் ஒருவர் கேட்பார். உண்மைதான். அமெரிக்காவில் ராச்சஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்பவர் 1995-இல் தன் மாணவர்களோடு செய்து காட்டினார். இப்போது பரவலாக உள்ள அளவு: ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பித் தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். இதில் நம் ஊரில் மூன்று குழிகள் இருக்கின்றன. சலவைச் சோடா வேறு, ஆப்பச் சோடா வேறு. ஆப்பச் சோடாவில் படமே வராது. கடையில் கிடைக்கிற படிகச் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதனால் 54 கிராமுக்குப் பதில் ஏறக்குறைய 145 கிராம் போட வேண்டும். மூன்றாவது, நாம் குடிக்கிற தூளில் சிக்கரி. சிக்கரி கலந்த அளவுக்குக் காப்பி குறையும், சிக்கரி கலக்காத தூளாகப் பார்த்து வாங்குங்கள். நாற்றம் தாங்காது, அம்மா திட்டுவார். வேடிக்கைக்கு ஒரு முறை செய்யுங்கள். கல்யாணப் படத்தையோ திருவிழாப் படத்தையோ அதில் போடாதீர்கள்.

நம் வரிசைக்குத் திரும்பினால், அலசியபின் அடுத்து ஹைப்போ. ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி, இது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819-இலேயே கண்டு சொன்னார். இருபது வருடம் கழித்து ஒளிப்படம் பிறந்தபோது, எடுத்த படத்தை அழியாமல் நிறுத்தும் வழி தெரியாமல் தவித்தவர்களுக்கு அதுவே கைகொடுத்தது. மாறாத வெள்ளி உப்பையெல்லாம் கரைத்து வெளியே எடுப்பது இதன் வேலை. அதன்பிறகு வெளிச்சத்துக்குப் பயமில்லை. ஒரு லிட்டருக்கு 250 கிராம் படிகம். கரைக்கும்போது தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். பாட்டில் வெளிப்புறம் வேர்ப்பதைப் பழைய ஸ்டூடியோக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். மறுபடி 24-க்கு வந்தபின் பயன்படுத்துங்கள். எத்தனை நிமிடம் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ரீலில் ஏற்றும் முன் வெட்டிய முனைத் துண்டை ஹைப்போவில் போட்டு, பால் நிறம் போய்த் தெளிய எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதற்கு இரண்டு மடங்கு நேரம் வையுங்கள். புது ஹைப்போவில் ஆனதுபோல் இரண்டு மடங்கு நேரம் தெளியவே ஆகிறது என்றால் அந்த ஹைப்போவின் ஆயுள் முடிந்தது.

முடிந்ததை எங்கே கொட்டுவது? தொட்டல்லா ஆற்றில் கொட்டாதீர்கள், அது நேராகக் காவிரிக்குப் போகிறது. வயலிலும் கிணற்றோரத்திலும் வேண்டாம். பயன்படுத்திய ஹைப்போவில் உங்கள் படங்களின் வெள்ளி கரைந்திருக்கிறது. ஒரு கேனில் சேர்த்து வைத்து, அதில் இரும்பு நாரைப் போட்டுச் சில நாள் விடுங்கள். இரும்பு கரையும், வெள்ளி கருப்புச் சேறாக அடியில் தங்கும். பளபளக்கிற எவர்சில்வர் நாரில் இது நடக்காது, துருப்பிடிக்கிற சாதா இரும்பு நார் வேண்டும். முன்பெல்லாம் இந்தச் சேற்றுக்காகவே ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஆள் வருவார்கள்.

கழுவுதலில் நமக்குச் சாதகமான ஒரு முறை உண்டு. குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் ஓடவிடச் சொல்வது பழைய பழக்கம். குடம் ஒன்றுக்கு இத்தனை என்று விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற கோடையில் அது நடக்குமா? இல்ஃபோர்டு நிறுவனம் சொல்கிற முறையில், டாங்கியில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். புதுத் தண்ணீரில் பத்து முறை. மறுபடி புதுத் தண்ணீரில் இருபது முறை. முடிந்தது. 35 எம்எம் ரோல் ஒன்றுக்கு மொத்தம் ஒரு லிட்டர் கூட ஆகாது. நான் சந்தேகத்துக்கு இன்னொரு தடவை சேர்த்துச் செய்வேன். ஃபிலிமை இறுக்குகிற மருந்து சேர்ந்த ஹைப்போ என்றால் மட்டும் இது போதாது. கடைசியில் டிஸ்டில்டு வாட்டரில் ஈரமாக்கி மருந்து ஒரு துளி. ஷாம்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள நறுமணமும் எண்ணெயும் நெகட்டிவில் உட்கார்ந்துகொள்ளும்.

காயவைக்கக் குளியலறையைவிட நல்ல இடம் இல்லை. முன்னதாகச் சுவரிலும் தரையிலும் தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூசி அடங்கும். துணிக் கிளிப்பில் தொங்கவிட்டு, கீழ் முனையில் இன்னொரு கிளிப்பைக் கனத்துக்கு மாட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். ஃபேன் போடாதீர்கள், விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் அந்த அறைக்கு யாரும் போகக்கூடாது என்று வீட்டில் உடன்பாடு செய்துகொள்வதுதான் இந்த முழு வேலையிலும் கடினமான பகுதி.

காய்ந்ததை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் அச்சாகியிருக்கும் எழுத்தும் எண்ணும் நன்றாகக் கருத்திருந்தால் கழுவியது சரி. எழுத்து கருப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் பிழை கழுவியதில் இல்லை, கேமராவில் வெளிச்சம் போதவில்லை. எழுத்தே வெளிறியிருந்தால் டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது நேரம் குறைந்தது. இந்த ஒரு பரிசோதனை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இருட்டான பகுதியில் ஒன்றுமே பதியவில்லை என்றால் எத்தனை நேரம் கழுவினாலும் அது வராது. எடுக்கும்போதே நிழலுக்குப் போதுமான வெளிச்சம் கொடுக்க வேண்டும்.

இதை மா. கிருஷ்ணனைவிட நன்றாக அறிந்தவர் நம்மில் யாரும் இல்லை. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதினார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950-இல் தொடங்கிய பத்தியைச் சாகும்வரை நிறுத்தவில்லை. கலர் ஃபிலிம் ஊரெல்லாம் வந்தபின்னும் கருப்பு வெள்ளையிலேயே நின்றார். பல உதிரிகளைச் சேர்த்துத் தானே பூட்டிய கேமராவில் எடுத்து, தானே கழுவி, தானே அச்சிட்டார். கருத்த யானை, கருத்த காட்டு நிழலில் நிற்கிறது. அதன் தோல் மடிப்பு ஒவ்வொன்றும் அவர் படத்தில் தெரியும். எடுக்கும்போதே கழுவுவதையும் மனத்தில் வைத்து எடுத்தால்தான் அப்படி வரும். அவர் படங்களை ஆஷிஷ் சந்தோலாவும் சாந்தி சந்தோலாவும், பெங்களூர் காட்டுயிர்ப் படக்காரர் டி.என்.ஏ. பெருமாளோடு சேர்ந்து தொகுத்த ஆங்கில நூல் இருக்கிறது. கிடைத்தால் பாருங்கள். 2014-இல் காவிரி வடக்கு வனவுயிர் சரணாலயம் ஆன காடு நம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. காட்டுக்குள் போய் யானையைத் தேடச் சொல்லவில்லை, சட்டமும் விடாது. புளியமர நிழலில் நிற்கிற எருமையை அந்தத் தரத்தில் எடுத்துக் காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

தொடங்குகிறவருக்கு ஒரு வருடத்துக்கு ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர், ஒரே சூடு. ஒவ்வொரு ரோலுக்கும் நோட்டில் ஒரு பக்கம். மாற்றினால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இருக்கிற போனை வைத்தே நெகட்டிவைப் படம் பிடித்து நேர்ப்படமாக்கலாம். என்லார்ஜர் வாங்குவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

கடைசியாக, ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணன்மாருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் நெகட்டிவ் பெட்டிகள் இருக்கின்றன. வெள்ளிக்காக எடை போட்டு வாங்கிப்போக ஆள் வருகிறார்கள், கொடுத்துவிடாதீர்கள். கோயில் திருவிழா, பள்ளிக்கூடக் குழுப்படம், ரேஷன் கார்டுக்கு வந்து நின்ற குடும்பம் என்று இந்த மலைக் கிராமங்களின் முகங்கள் வேறெங்கும் இல்லை. நன்றாகக் கழுவியவை இன்னும் தெளிவாக இருக்கும், ஹைப்போ தங்கியவை மஞ்சளாகியிருக்கும். புளித்த வினிகர் வாடை அடிக்கிறவற்றைத் தனியே பிரித்து, காற்றோட்டமான வேறு இடத்தில் வையுங்கள். அந்த வாடை மற்றதையும் கெடுக்கும். பிரித்து, உறையில் போட்டு, ஊர்ப் பெயரும் வருடமும் எழுதுவதற்கு இங்கே இருக்கிற இளைஞர்கள் வருவார்கள். யார் வீட்டில் பெட்டி இருக்கிறது என்பதை மட்டும் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.